ஆபீஸில் புது சிஸ்டம் வருகிறதா? பெங்களூரில் அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் வேலையில் இருப்பவர்கள் வரிசையாகச் செய்ய வேண்டியவை

பொம்மசந்திரா, ஜிகனி, பீன்யா, ஒயிட்ஃபீல்டு என்று ஏதோ ஒரு பக்கம், கம்பெனி அக்கவுண்ட்ஸிலோ ஸ்டோர்ஸிலோ பர்ச்சேஸிலோ உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்களுக்கு இல்லை, அவர்களுக்குச் சொல்லித்தர நான் யார். பில் போடுகிற, சரக்கு ரசீது அடிக்கிற, மாதக் கடைசியில் ஸ்டாக் ஒத்துவராமல் ராத்திரி வரை உட்கார்ந்திருக்கிற ஆட்களுக்கு.

ஒருநாள் எல்லோரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டு, 'டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்' என்று ஸ்லைடு போட்டு, இனி எல்லாமே ஒரே சிஸ்டத்தில் என்று அறிவிப்பார்கள். கைதட்டி முடிக்கும்போது அத்தனை பேர் மனசிலும் ஓடுவது ஒரே கேள்விதான்: நம்ம சீட் இருக்குமா? அன்று சாயங்காலமே பாதிப் பேர் போனில் கோர்ஸ் தேட ஆரம்பித்துவிடுவார்கள். வரிசை தப்புவது அங்கேதான். காசு கொடுத்துப் படிக்கும் கோர்ஸ் இந்தக் கட்டுரையில் ஐந்தாவதாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய நான்கும் பைசா செலவில்லாதவை, சீட்டைக் காப்பாற்றுவதும் பெரும்பாலும் அவைதான். ஓசூர் ரோட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சப்ளையர் பில் பார்த்துக்கொண்டே இந்தக் கூத்து முழுவதையும் நான் கடந்து வந்தேன். முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதை எல்லாம் இங்கே போட்டு வைக்கிறேன்.

1. எது மாறுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்லைடில் இருக்கும் பெரிய பெயரை விடுங்கள். உங்கள் சீட்டைத் தொடும் மாற்றம் மூன்று வகைதான்.

ஒன்று, சாஃப்ட்வேர் மட்டும் மாறுவது. டேலியிலிருந்து எஸ்.ஏ.பி.க்கோ (கணக்கு, ஸ்டாக், பர்ச்சேஸ் எல்லாம் ஒரே இடத்தில் ஓடும் பெரிய கம்பெனி சாஃப்ட்வேர்), பழைய எஸ்.ஏ.பி.யிலிருந்து புதிய எஸ்/4ஹானாவுக்கோ போவது. இப்போது இவ்வளவு கம்பெனிகள் ஒரே நேரத்தில் இதைச் செய்யக் காரணம் இருக்கிறது. பழைய ஈ.சி.சி. பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பை 2027 கடைசியோடு நிறுத்துவதாக எஸ்.ஏ.பி. அறிவித்துவிட்டது, கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை ஓட்டலாம். அதனால் உங்கள் கம்பெனியில் இன்னும் பழையது ஓடுகிறது என்றால் மாற்றம் வருமா வராதா என்ற பேச்சுக்கே இடமில்லை, எப்போது என்பதுதான் கேள்வி. இந்த வகையில் வேலை பெரும்பாலும் இருக்கும், செய்யும் விதம்தான் மாறும்.

இரண்டாவது, கையால் செய்த ஒரு பகுதியை மெஷின் செய்வது. பில்லை ஸ்கேன் செய்து நம்பரை அதுவே எடுத்துக்கொள்ளும், பேங்க் ஸ்டேட்மென்டை அதுவே ஒத்துப்பார்க்கும். இதில் டைப் அடிக்கும் வேலை போகும், தப்பாகப் படித்ததைத் திருத்தும் வேலை வரும். ஆனால் திருத்துவதற்கு முன்பு போல அத்தனை பேர் தேவைப்படமாட்டார்கள்.

மூன்றாவதுதான் ஆபத்து. வேலையை மொத்தமாக எடுத்து ஒரு பொது மையத்துக்குக் கொடுப்பது. 'ஷேர்டு சர்வீஸ்' என்ற வார்த்தை மீட்டிங்கில் காதில் விழுந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். பிளான்டில் இருக்கும் நான்கு பில் ஆட்களுக்குப் பதிலாக வேறு ஊரில் ஒரு டீம், அவ்வளவுதான்.

மேனேஜரிடம் 'என் வேலை போகுமா' என்று கேட்காதீர்கள், அதற்கு எந்த மேனேஜரும் உண்மையான பதில் சொல்லப்போவதில்லை, பல சமயம் அவருக்கே தெரியாது. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: பில் என்ட்ரி புது சிஸ்டத்தில் எந்த ஊர் டீம் செய்யும்? எங்கள் டிபார்ட்மென்டிலிருந்து டெஸ்டிங்குக்கு யார் பெயர் கொடுத்திருக்கிறீர்கள்? கோ-லைவ், அதாவது புது சிஸ்டத்தில் நிஜ வேலை தொடங்குவது, எந்த மாதம்? இந்த மூன்றுக்கும் வரும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

கம்பெனி தானாக ஆசைப்பட்டு மட்டும் மாறவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஆண்டு வர்த்தகம் 500 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2020 அக்டோபரில் தொடங்கிய ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் எந்தக் கம்பெனியின் கணக்கு சாஃப்ட்வேராக இருந்தாலும் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் முடியக்கூடாது. பின் தேதியிட்டு வவுச்சரை மெதுவாகத் திருத்திவிடும் பழைய கைப்பழக்கத்துக்கு இனி இடமில்லை. 'சார் பழைய மாதிரியே இருந்தா என்ன' என்று வாதாடும் சீனியர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு சீக்கிரம் முடியும்.

2. உங்கள் வேலையை எழுதி வையுங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன், செய்கிற ஆட்களும் இதில்தான் குறைவு.

புது சிஸ்டத்தை அமைக்க வரும் கன்சல்டன்ட் 'உங்கள் ப்ராசஸ் என்ன' என்று கேட்பார். நாம் என்ன சொல்வோம்? பில் வரும், பி.ஓ.வோடு (பர்ச்சேஸ் ஆர்டரோடு) பார்ப்போம், சரக்கு வந்ததா பார்ப்போம், புக் பண்ணுவோம். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பது, அதைச் சொல்ல நீங்கள் தேவையில்லை. உங்கள் அனுபவம் முழுக்க அதற்கு வெளியே, விதிவிலக்குகளில் இருக்கிறது. நான் எழுதி வைத்ததிலிருந்து சில:

ஒரு ஜாப்வொர்க் சப்ளையர் வண்டி வாடகையைப் பில்லிலேயே சேர்த்துப் போடுவார், பி.ஓ.வில் அது இருக்காது. இன்னொருவர் மாதக் கடைசி நாளில் சரக்கை கேட்டுக்குள் தள்ளிவிடுவார், ஸ்டோர்ஸ் அதை மறுநாள்தான் எண்ணும், பில் ஒரு மாதம், சரக்கு ரசீது அடுத்த மாதம். கேன்டீன், செக்யூரிட்டி, பேருந்து கான்ட்ராக்டர்களுக்கு பி.ஓ.வே இருக்காது, ஃபேக்டரி மேனேஜர் கையெழுத்துதான் பி.ஓ. எடைபோட்டு வாங்கும் பொருளில் இரண்டு கிலோ வித்தியாசம் எப்போதும் வரும், எவ்வளவு வரை விடலாம் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை, பர்ச்சேஸ் தலைக்குத்தான் தெரியும். சப்ளையர் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடாததால் நம்முடைய 2பி-யில் (சப்ளையர்கள் காட்டிய பில்களை ஜி.எஸ்.டி. போர்ட்டல் நமக்குத் தரும் மாதப் பட்டியல்) பில் வராது, வராமல் அந்த வரியை நம் வரியில் கழித்துக்கொள்ள முடியாது, ஆனால் பேமென்ட் கேட்டு அவர் தினமும் போன் அடிப்பார்.

இப்படி ஒவ்வொன்றையும் ஒரு எக்செல் ஷீட்டில் ஐந்து நெடுவரிசையில் போடுங்கள்: என்ன வருகிறது, யாரிடமிருந்து, நான் எதைப் பார்க்கிறேன், எங்கே சிக்குகிறது, சிக்கினால் யாரைக் கேட்கிறேன். முதலில் தமிழிலேயே எழுதுங்கள், தவறில்லை, யோசனை தடையில்லாமல் வரும். அப்புறம் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றிக்கொள்ளலாம். ஒரே நாளில் உட்கார்ந்து எழுத முடியாது. ஒரு முழு மாத க்ளோசிங் முடியும் வரை, சிக்கல் வரும்போதெல்லாம் ஒரு வரி சேர்த்துக்கொண்டே போங்கள். மார்ச் மாதம் நடுவில் வந்தால் இன்னும் நல்லது, வருஷக் கடைசியில் மட்டும் தலைகாட்டும் சிக்கல்களும் மாட்டும்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நம்மைத் தூக்கிவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான், மூன்றாவது வகை மாற்றத்தில் அது நடக்கவும் செய்யும். ஆனால் எழுதாமல் இருப்பதால் எந்த சீட்டும் தப்பிப் பார்த்ததில்லை. தலையில் மட்டும் வைத்திருப்பவரை 'ஒத்துழைக்க மாட்டேங்கிறார்' என்று ஓரம் கட்டுவதுதான் நடக்கிறது. எழுதியதை மெயிலில் அனுப்பும்போது உங்கள் பெயரோடு, தேதியோடு, மேனேஜரை நகலில் வைத்து அனுப்புங்கள். பென்டிரைவில் கன்சல்டன்ட் கையில் கொடுத்தால் அடுத்த வாரம் அது அவருடைய டாகுமென்டாக மீட்டிங்கில் வரும்.

3. டெஸ்டிங்கில் இடம் பிடியுங்கள்

புது சிஸ்டம் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் ஓரிருவரைப் பொறுக்கி 'கீ யூசர்' என்று பெயர் வைப்பார்கள். யூ.ஏ.டி. என்று சொல்லும் பயனர் சோதனையில் உட்காருவது அவர்கள்தான், பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள்தான். கோ-லைவுக்கு அப்புறம் ஆள் குறைப்புப் பேச்சு வரும்போது இந்தப் பெயர்ப் பட்டியலில் இருப்பவரைத் தொட யோசிப்பார்கள்.

சம்பளம் கூடாது, வேலை இரட்டிப்பாகும். பகலில் டெஸ்டிங், ராத்திரியில் உங்கள் பழைய சீட் வேலை. அதனால்தான் பலர் நழுவுவார்கள், அதனால்தான் கேட்டால் கிடைக்கவும் செய்கிறது. கேட்க வேண்டிய நேரம் முக்கியம்: அறிவிப்பு வந்த முதல் சில வாரங்கள். ட்ரெயினிங் காலண்டர் வெளியே வந்த பிறகு கேட்டால் பெயர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டாவது படியில் எழுதிய ஷீட்டை வைத்துக்கொண்டு கேட்டால் மேனேஜருக்கு மறுக்கக் காரணம் கிடைக்காது.

டெஸ்டிங்கில் உட்கார்ந்ததும் அவர்கள் கொடுக்கும் மாதிரி பில்லை மட்டும் போட்டுவிட்டு 'பாஸ்' என்று டிக் அடிக்காதீர்கள். அந்த மாதிரி பில் எப்போதும் பாஸ் ஆகும், அதற்காகவே செய்தது. உங்கள் விதிவிலக்கு ஷீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வாடகை சேர்ந்த பில், பாதி சரக்கு மட்டும் வந்த பில், திருப்பி அனுப்பிய சரக்கு, பி.ஓ. இல்லாத கான்ட்ராக்டர். உடைந்தால் ஸ்கிரீன்ஷாட், என்ன போட்டோம், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், இந்த நான்கும் டிக்கெட்டில் (சிஸ்டத்தில் பதியும் புகாரில்) இருக்கட்டும். 'நாட் வொர்க்கிங்' என்று ஒரு வரி போட்டால் ராத்திரிக்குள் 'வொர்க்கிங் அட் அவர் எண்ட்' என்று மூடிவிடுவார்கள்.

பேச்சு மொழி பற்றி ஒரு வார்த்தை. ஆன்லைன் மீட்டிங் முழுக்க ஆங்கிலத்தில் ஓடும், நடுவில் இந்தி வரும், நம் பிளான்டில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் கலந்து பேசித்தான் வேலையே நடக்கும். மீட்டிங்கில் வாய் திறக்கத் தயங்கி, முடிந்ததும் காரிடாரில் பிரமாதமாக விளக்கும் எத்தனையோ திறமைசாலிகளை எனக்குத் தெரியும். நீங்களும் அப்படிப்பட்டவர் என்றால் மீட்டிங்குக்கு முன்பே மெயில் போட்டுவிடுங்கள், மீட்டிங்கில் 'என் மெயிலில் மூன்றாவது பாயின்ட்' என்று மட்டும் சொன்னால் போதும்.

கடைசிப் பொறி, கையெழுத்து. தேதி நெருங்கும்போது 'சின்னச் சின்ன இஷ்யூதானே, சைன்-ஆஃப் கொடுங்க, அப்புறம் சரி பண்ணிடலாம்' என்பார்கள். கொடுக்காமல் இருக்க உங்களால் முடியாது, அழுத்தம் மேலிருந்து வரும். ஆனால் திறந்திருக்கும் டிக்கெட் நம்பர்களைக் குறிப்பிட்டு, 'இவை தவிர' என்று எழுதிக் கொடுக்கலாம். கோ-லைவுக்குப் பிறகு 'யூசர் டெஸ்ட் பண்ணி ஒத்துக்கொண்டாரே' என்ற பேச்சு வரும்போது அந்த இரண்டு வார்த்தைதான் உங்களிடம் இருக்கும்.

4. காசில்லாமல் கற்கக்கூடியதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

வரிசை: எக்செல், உங்கள் சிஸ்டத்தின் உள்ளே இருக்கும் ரிப்போர்ட்டுகள், ஜி.எஸ்.டி. போர்ட்டல், அதன் பிறகுதான் மற்றவை.

எக்செல் தெரியும் என்று எல்லோரும் சொல்வோம், வி-லுக்கப் வரை. புது சிஸ்டம் வந்ததும் டைப் அடிப்பது குறைந்து, அது கக்கும் பெரிய பெரிய டேட்டாவைச் சுத்தம் செய்து ஒத்துப்பார்ப்பது கூடும். அதற்கு உதவுவது பவர் குவெரி என்ற எக்செல் வசதி. எக்செல் 2016 முதல் அது உள்ளேயே இருக்கிறது, டேட்டா மெனுவைத் திறந்தால் தெரியும். ஒருமுறை படிகளைச் செய்து வைத்தால் அடுத்த மாதம் ரிஃப்ரெஷ் அழுத்தினால் முடிந்தது. எக்ஸ்-லுக்கப் படிப்பதற்கு முன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், 2019-லும் அதற்கு முந்தையவற்றிலும் அது கிடையாது.

டேட்டாவைப் படமும் ரிப்போர்ட்டுமாகக் காட்டும் மைக்ரோசாஃப்டின் பவர் பி.ஐ. டெஸ்க்டாப் இலவசம்தான். ஆனால் ஆன்லைன் சேவையில் சேர ஜிமெயில் ஐ.டி. எடுக்காது, ஆபீஸ் அல்லது கல்லூரி மெயில் வேண்டும். செய்ததை மற்றவர்களோடு பகிர கட்டண லைசென்ஸும் தேவை. இது தெரியாமல் பலர் முதல் நாளே மூடி வைத்துவிடுகிறார்கள். உங்கள் லேப்டாப்பில் கற்றுக்கொள்ள டெஸ்க்டாப் மட்டுமே போதும். விண்டோஸ் 10, 11-க்கு பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்பும் இலவசமாகவே கிடைக்கிறது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் மெஷின் ஆள் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள அது போதுமானது.

எஸ்/4ஹானாவுக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம் முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள். சப்ளையரையும் கஸ்டமரையும் தனித்தனியாகத் திறந்தது போய், எல்லோரும் 'பிசினஸ் பார்ட்னர்' என்ற ஒரே இடத்தில் இருப்பார்கள். ஒவ்வொரு ஸ்கிரீனையும் திறக்க டைப் அடித்த பழைய டிரான்சாக்ஷன் குறியீடுகளில் பெரும்பாலானவை இன்னும் ஓடினாலும், முகப்பு பிரவுசரில் திறக்கும் ஃபியோரி கட்டங்களாக மாறியிருக்கும். எஸ்.ஏ.பி.யின் சொந்தக் கற்றல் தளத்திலேயே அடிப்படைப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன.

சான்றிதழும் வேண்டும் என்றால் ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். ஆன்லைன் பாடங்களைப் பாருங்கள். பாடம் இலவசம், தேர்வு மையத்துக்குப் போய் எழுத 1,000 ரூபாய். 4, 8, 12 வாரப் பாடங்கள் உண்டு. வாராந்திரப் பயிற்சிக்கு 25 சதவீதம், தேர்வுக்கு 75 சதவீதம் என்று மதிப்பெண். பல பாடங்களுக்குத் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. ஜனவரியிலும் ஜூலையிலும்தான் புதிதாகத் தொடங்கும், நடுவில் ஆசை வந்தால் காத்திருக்க வேண்டியதுதான். மைக்ரோசாஃப்ட் அசோசியேட் சான்றிதழ் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும், ஆனால் ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பிக்கலாம். புதுப்பிப்புக்குக் காசு கேட்பவர்கள் ஏமாற்றுகிறார்கள்.

5. கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

பி.டி.எம். லேஅவுட், மாரத்தஹள்ளி இரண்டிலும் எந்தத் தெருவில் நடந்தாலும் ட்ரெயினிங் சென்டர் போர்டு தலையில் இடிக்கும். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு - பொம்மசந்திரா மஞ்சள் வழி மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு பிளான்ட் முடிந்து பி.டி.எம். வருவது சுலபமாகிவிட்டது, சில்க் போர்டில் நின்று நொந்துபோக வேண்டியதில்லை. அதனாலேயே சாயங்கால பேட்ச் என்று ஆசை வருகிறது. நல்ல சென்டர்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்.

சொல்லும் ஃபீஸில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று கேளுங்கள், 18 சதவீதம் பிறகு தலையில் விழும். 40,000 என்று சொன்னது 47,200 ஆகிவிடும். ரசீது ஜி.எஸ்.டி. நம்பரோடு வேண்டும்.

'மாதத் தவணையில் கட்டலாம் சார், ஆதாரும் பானும் மட்டும் கொடுங்க' என்றால் நில்லுங்கள். அது பெரும்பாலும் தவணை இல்லை, உங்கள் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுக்கும் கடன். கோர்ஸ் பிடிக்காமல் நின்றாலும் சென்டர் மூடிப்போனாலும் கடன் ஓடிக்கொண்டே இருக்கும், கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். போனில் வரும் ஓ.டி.பி.யைச் சொல்வதற்கு முன் எதற்கான ஓ.டி.பி. என்று மெசேஜை முழுசாகப் படியுங்கள்.

இன்னொன்று, இதுதான் மோசமானது. சில இடங்களில் கோர்ஸோடு இரண்டு மூன்று வருஷ 'அனுபவச் சான்றிதழும்' சேர்த்துத் தருவார்கள். தொடாதீர்கள். வெளியே வேலை மாறும்போது பின்னணி சரிபார்ப்பு நடக்கும், உங்கள் பி.எஃப். யூ.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். நம்பர்) வரலாற்றில் எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்று அப்படியே தெரியும். போலி மாட்டினால் புது வேலையும் போய், வைத்திருந்த உண்மையான அனுபவத்தின் மேலும் சந்தேகம் விழும்.

என் அபிப்ராயம்: எஸ்.ஏ.பி. ஃபைனான்ஸ் என்று பெரிய தொகை கட்டிப் படிப்பது, ஆபீஸில் டெஸ்டிங் வாய்ப்பு கிடைக்காதவருக்கோ, கன்சல்டிங் பக்கமே தாவ நினைப்பவருக்கோதான் பொருந்தும். உள்ளே கீ யூசராக இருப்பவருக்குக் கம்பெனியே அந்தப் படிப்பைச் சம்பளம் கொடுத்துச் சொல்லித்தருகிறது. அதையும் மீறிப் படிப்பதென்றால் முதலில் ஒரு டெமோ வகுப்பு, பிறகு பாதிப் பணம். பயிற்சி சர்வர் எத்தனை மாதம் திறந்திருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. காகிதங்கள்

கம்பெனி வெளியே அனுப்பிப் பயிற்சி கொடுத்தால் கூடவே ஒரு பாண்ட் வரும்: இத்தனை வருஷம் இருக்கணும், போனால் இவ்வளவு கட்டணும். 'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று டீக்கடையில் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வருஷத்துக்குள் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா பேங்க் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சரியென்றே தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்க ஆகும் செலவு போன்ற காரணங்கள் அதில் இருந்தன, எல்லா பாண்டுக்கும் அது அப்படியே பொருந்திவிடாது, ஆனாலும் தைரியமாகக் கிழித்துப்போடலாம் என்ற காலம் போய்விட்டது. தொகை, வருஷம், மாதம் போகப்போகத் தொகை குறையுமா, கம்பெனியே உங்களை அனுப்பினால் கட்ட வேண்டுமா, இந்த நான்கையும் பாருங்கள். ஒரிஜினல் மார்க்ஷீட்டைக் கேட்டால் நகல் கொடுங்கள்.

வீட்டில் ஒரு ஃபைலில் இருக்க வேண்டியவை: அப்பாயின்ட்மென்ட் லெட்டர், எல்லா இன்க்ரிமென்ட் லெட்டரும், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக் பிரின்ட், ட்ரெயினிங் சான்றிதழ்கள், கீ யூசராக உங்கள் பெயரைப் போட்ட அறிவிப்பு. சம்பளச் சீட்டு போர்ட்டலும் புது சிஸ்டத்தோடு மாறும், பழையது ஒருநாள் திறக்காது. கோ-லைவுக்கு முன்பே எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள்.

அதே சூட்டில் கம்பெனி டேட்டாவையும் இறக்காதீர்கள். வீட்டில் பழகிப்பார்க்கிறேன் என்று சப்ளையர் லிஸ்டை சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவது, ரிப்போர்ட்டைச் சுருக்கித் தரச் சொல்லி சாட்ஜிபிடியில் சம்பள ஷீட்டைப் போடுவது, இரண்டுமே வேலையை விட்டு அனுப்பக் கம்பெனிக்கு ரெடிமேட் காரணம். ஆபீஸ் மெயிலிலிருந்து எது வெளியே போகிறது என்று ஐ.டி. டீமுக்குத் தெரியும். பழக வேண்டுமானால் பெயரும் நம்பரும் கற்பனையாகப் போட்டு ஐம்பது வரி நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள்.

7. கோ-லைவ் மாதம்

கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா எதுவாக இருந்தாலும் தேதி தெரிந்தவுடன் லீவ் எழுதிக் கொடுத்து மெயிலில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு எல்லோர் லீவையும் நிறுத்துவார்கள்.

முதல் மாதத்தில் பில் வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு கண்டம். பழைய சிஸ்டத்தில் பணம் போன பில், திறந்த பாக்கியாகப் புதியதற்குள்ளும் வந்துவிடும், இரண்டாம் முறை பணம் போகும். பெரிய தொகைகளை மட்டுமாவது சப்ளையர் ஸ்டேட்மென்டோடு ஒத்துப்பார்த்துவிட்டு விடுங்கள். அடுத்தது எதிர்ப்பக்கம்: சிஸ்டம் திணறி சிறு சப்ளையர்களுக்குப் பணம் தாமதமாகும். குறு, சிறு தொழில்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தவறினால் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. உதயம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள சப்ளையர்களின் பட்டியலைத் தனியாக எடுத்து, கோ-லைவுக்கு முன்பே கட்டிவிடச் சொல்லி ஃபைனான்ஸ் தலைக்கு மெயில் போடுங்கள். பீன்யாவின் சின்னப் பட்டறைக்காரர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

8. ஆள் குறைப்பு என்று வந்தால்

எச்.ஆர். தனியே கூப்பிட்டு, ரெசிக்னேஷன் கொடுத்தால் ரெக்கார்டுக்கு நல்லது என்பார்கள். அங்கேயே எழுதிக் கொடுக்காதீர்கள், வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வாருங்கள். நீங்களாக விலகினால் ஆள் குறைப்புக்கான எந்த உரிமையும் கிடைக்காது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன. தொழில் உறவுகள் தொகுப்பின்படி, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரைக் குறைத்தால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. இதற்கு மேல், மறுதிறன் நிதி என்ற பெயரில் இன்னொரு 15 நாள் சம்பளத்தைக் கம்பெனி கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. ஐந்து வருஷம் முடித்தவருக்கு கிராஜுவிட்டி தனி.

இவை 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு. கிளார்க் வேலை உள்ளே வரும். மேனேஜர் வேலை வராது, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசரும் வரமாட்டார். விசிட்டிங் கார்டில் 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று இருப்பதால் மட்டும் நீங்கள் வெளியே போய்விடமாட்டீர்கள், உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். இரண்டாவது படியில் தேதி போட்டு அனுப்பிய அந்த ஷீட்டைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் வைக்கலாமா என்று முதலிலேயே மேனேஜரிடம் கேட்டு, மெயிலில் சரி என்று வாங்கி வைத்திருந்தால் இங்கே உதவும். பன்னர்கட்டா ரோட்டில் டெய்ரி சர்க்கிள் அருகே கார்மிக பவன் இருக்கிறது, கர்நாடகத் தொழிலாளர் துறை அலுவலகங்கள் அங்கேதான். போகும்போது அப்பாயின்ட்மென்ட் லெட்டர், கடைசிச் சம்பளச் சீட்டுகள், வங்கி ஸ்டேட்மென்ட், எச்.ஆர். அனுப்பிய மெயில் எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு நகல் எடுத்துப் போங்கள், மனுவைக் கொடுத்ததும் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.